வானிலைக் கணக்கு எழுதிய யூஜீனியா அம்மா

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் வானிலைத் தகவல் குழு சார்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் மூன்று பேர் நிற்கிறோமே, பேசப்போவது யார் என்று பார்க்கிறீர்கள். வாய் ஒருவருடையது, பேச்சு மூவருடையது. தப்பும் மூவருடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. அதைப் படித்துக் குழுக்களுக்குச் சொல்லும் வேலையைக் கூட்டமைப்பு எங்களுக்குக் கொடுத்தது. பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். அன்றைக்கு வந்த அறிக்கையில், "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய லேசான மழை பெய்ய வாய்ப்புள்ளது" என்று இருந்தது. நாங்கள் அதைச் சுருக்கி, "நாளைக்கு மழை வருது, மிளகாய அள்ளிருங்க" என்று போனில் சொல்லிவிட்டோம். களத்தில் பாதி காய்ந்து கிடந்த வத்தலை ஒரு குழுவில் பதினோரு பேர் ராத்திரியோடு ராத்திரியாக அள்ளினார்கள். நனைந்தால் சோடையாகிப் போகுமே என்ற பயம். காலையில் யாவாரி வந்து, "ஈரம் இருக்கு" என்று மூட்டைக்கு மூட்டை விலையைக் குறைத்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் சுட்டெரித்தது. அந்த மாதம் அந்தக் குழு பேங்க் தவணை கட்ட முடியாமல், உள்கடனில் வாங்கிக் கட்டியது.

எங்களைத் திட்டினார்கள். திட்டியது நியாயம்தான். ஆனால் அன்றைக்கு நாங்களும் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தோம்? "எங்க மேல என்ன தப்பு, அறிக்கைதான் பொய் சொல்லிருச்சு" என்றோம். பிறகு அந்த அறிக்கையைத் திரும்ப எடுத்துப் படித்தோம். "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லையும் "வாய்ப்பு" என்ற சொல்லையும் நாங்களே முழுங்கியிருக்கிறோம். அறிக்கை பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான், இந்த இரண்டு சொற்களுக்கும் என்ன அர்த்தம், இவர்கள் எப்படித்தான் கணிக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தோம். ஒரு பயிற்சியில், வானிலை படித்த ஒரு தங்கச்சியிடம் கேட்டோம். "அக்கா, நீங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லணும்னா ஒரு அம்மாவோட கதையச் சொல்லணும்" என்றாள். அந்த அம்மாவின் கதையைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப்போகிறோம். இவர் ஒருவரே எல்லாம் செய்தார் என்று சொல்ல மாட்டோம். குழுவாகச் செய்த வேலை அது. ஆனாலும் அந்தக் குழுவுக்கு ஊக்குநர் இவர்தான்.

அவர் பெயர் யூஜீனியா கால்னே. நம் நாட்டுக்காரர் இல்லை. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா என்று ஒரு நாடு. அதன் தலைநகர் புவெனஸ் ஐரஸில் 1942-ஆம் வருஷம் பிறந்தவர். படிப்பில் கெட்டி. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அவருடைய அம்மா ஒரு காரியம் செய்தார். அந்த நாட்டு வானிலைத் துறை, வானிலை படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் கொடுப்பது அந்தம்மாவுக்குத் தெரியவந்தது. மகளின் பெயரை இயற்பியலில் இருந்து எடுத்து வானிலைப் படிப்பில் பதிந்துவிட்டார்!

இதைக் கேட்டதும் எங்கள் மூவருக்குள்ளேயே சண்டை வந்தது. பிள்ளை ஆசைப்பட்டதை மாற்றலாமா என்று ஒருவர். கையில் காசில்லாத தாய் வேறென்ன செய்வாள், படிப்பை நிறுத்தாமல் வழி பார்த்தாளே என்று இன்னொருவர். போன முறை கல்விக் கடன் மனு வந்தபோது, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இத்தனை செலவு" என்று இதே மண்டபத்தில் ஒரு குரல் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? யார் குரல் என்று சொல்லப்போவதில்லை. அவருக்கே தெரியும்.

1965-இல் யூஜீனியா பட்டம் வாங்கினார். மறுவருஷம் அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1966 ஜூலை 29-ஆம் தேதி ராத்திரி போலீஸ் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து, பேராசிரியர்கள், மாணவர்கள் என்று பார்க்காமல் தடியால் அடித்தது. "நீண்ட தடிகளின் இரவு" என்று அந்த நாட்டில் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். அறிவியல் பிரிவின் தலைவராக இருந்தவர் ரோலாண்டோ கார்சியா. அவரும் வானிலை படித்தவர்தான். அவருக்கும் அடி விழுந்தது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான படித்தவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். யூஜீனியாவுக்கு அமெரிக்காவில் படிக்க இடம் கிடைக்க ஏற்பாடு செய்தவர் இந்த கார்சியாதான்.

போய்ச் சேர்ந்த இடம் எம்.ஐ.டி. என்ற பெரிய படிப்பிடம். வழிகாட்டியாகக் கிடைத்தவர் ஜூல் சார்னி. இந்த சார்னி லேசுப்பட்ட ஆள் இல்லை. 1950-இல் உலகத்திலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் வானிலைக் கணிப்புப் போட்டுப் பார்த்த குழுவுக்குத் தலைவர். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டு நிற்குமாம். ஒரு நாள் வானிலையைக் கணிக்க அதற்கு ஏறக்குறைய ஒரு நாளே ஆனதாம். நாளைக்கு மழையா என்று கேட்டால் நாளைக்குத்தான் பதில் வரும்! சிரிக்காதீர்கள், அங்கேதான் ஆரம்பம்.

1971-இல் யூஜீனியா டாக்டர் பட்டம் வாங்கினார். எம்.ஐ.டி.யில் வானிலையில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான். ஆராய்ச்சி செய்தது எதைப் பற்றித் தெரியுமா? சாயந்திரம் மேற்கே மின்னுமே வெள்ளி, அந்த வெள்ளிக் கிரகத்தில் காற்று எப்படிச் சுற்றுகிறது என்று. கொஞ்ச காலம் உருகுவே நாட்டில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு எம்.ஐ.டி.க்கே திரும்பி, அங்கேயே பேராசிரியரும் ஆனார். அந்தத் துறையில் பெண் பேராசிரியர் என்று அதற்கு முன் யாரும் இல்லை. 1979-இல் நாசா என்ற அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்குப் போனார். அங்கேதான் செயற்கைக்கோள் விஷயத்துக்குள் இறங்கினார்.

செயற்கைக்கோள் என்றால் மேலே இருந்து போட்டோ எடுக்கும், அதைப் பார்த்து மழை சொல்வார்கள் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். டி.வி.யில் வெள்ளை வெள்ளையாக மேகத்தைக் காட்டுகிறார்களே, அதுதான் எல்லாம் என்று எண்ணம். அது ஒரு பாதிதான். இன்னொரு பாதியை நம் கணக்கு நோட்டை வைத்துச் சொன்னால் உங்களுக்குப் புரியும். எங்களுக்கு அப்படித்தான் புரிந்தது.

ஒரு குழுவில் மாதக் கடைசியில் கையிருப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். கணக்காளர் என்ன செய்வார்? போன மாத இருப்பை எடுப்பார். இந்த மாதம் இவ்வளவு சேமிப்பு வந்திருக்கணும், இவ்வளவு தவணை வந்திருக்கணும் என்று போட்டு, இருப்பு இவ்வளவு இருக்கணும் என்று ஒரு தொகைக்கு வருவார். பிறகு பாஸ்புக்கைப் பார்ப்பார், ரசீதைப் பார்ப்பார், பெட்டியில் இருப்பதை எண்ணுவார். எல்லாம் ஒரே தொகையாகவா வரும்? வராது. அப்போது எதை எவ்வளவு நம்புவது என்று பார்க்க வேண்டும். பாஸ்புக்குக்கு ஒரு மதிப்பு, ரசீதுக்கு ஒரு மதிப்பு. "நான் போன வாரம் குடுத்த மாதிரி ஞாபகம்" என்று சொல்கிற அக்காவின் வார்த்தைக்கு ஒரு மதிப்பு. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து ஒரு தொகையை எழுதுவார். அந்தத் தொகையில் இருந்துதான் அடுத்த மாதக் கணக்கு கிளம்பும்.

வானிலைக் கணிப்பும் அப்படியே. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் போட்ட கணிப்பு, இப்போது காற்று இப்படி இருக்கணும், வெப்பம் இவ்வளவு இருக்கணும் என்று சொல்லும். அது நோட்டுக் கணக்கு. அதன் பிறகு உலகம் முழுக்க அளந்தது வந்து சேரும். பலூனில் கருவியைக் கட்டி ஆகாயத்தில் விடுகிறார்கள். நம் நேரப்படி காலை 5.30-க்கும் மாலை 5.30-க்கும் என்று பார்த்து உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அளக்கிறார்கள். கப்பலில் அளந்தது வரும், விமானத்தில் அளந்தது வரும், செயற்கைக்கோள் அளந்தது வரும். இரண்டையும் ஒப்பிட்டு, எதை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்புப் போட்டு, இந்த நேரத்தில் வானம் இப்படி இருக்கிறது என்று முடிவுக்கு வந்த பிறகுதான் நாளைய கணக்கையே ஆரம்பிக்கிறார்கள். ஆரம்ப இருப்பு தப்பானால் கடைசி இருப்பு எப்படிச் சரியாக வரும்? இந்த ஆரம்ப இருப்பைச் சரிசெய்யும் வேலையைத்தான் யூஜீனியா தன் ஆயுசு முழுக்கச் செய்தார்.

அதில் செயற்கைக்கோள் கொடுத்த தொல்லை பெரிய தொல்லை. முதல் வானிலைச் செயற்கைக்கோள் 1960 ஏப்ரல் 1-இல் மேலே போனது. பின்னால் வந்தவை வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்க ஆரம்பித்தன. ஆனால் செயற்கைக்கோள் பல நூறு கிலோமீட்டருக்கு மேலே அல்லவா பறக்கிறது? அதனால் காற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க நாம் கல்லைத் தொடுகிறோமா? கையை மேலே காட்டினால் அனல் தெரிகிறது. செயற்கைக்கோளும் காற்றில் இருந்து மேலே வரும் அனலைத்தான் அளக்கிறது. அந்த அனலை வைத்து, எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம் என்று கணக்குப் போட்டு மாற்றித் தருவார்கள். மாற்றும்போதே கொஞ்சம் ஊகமும் கலந்துவிடும். கலந்த சரக்கைக் கணிப்பில் சேர்த்தால், கடல் அதிகமாகவும் அளவைகள் குறைவாகவும் இருக்கும் பூமியின் தென்பாதியில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் பலூனும் கப்பலும் நிறைய இருக்கும் வடபாதியில் பெரிய லாபம் இல்லை. சில சமயம் கணிப்பு கெட்டே போனது. கோடி கோடியாகக் கொட்டி மேலே அனுப்பிய கருவி உதவாமல் போனால் மனசு எப்படி இருக்கும்?

1987-இல் யூஜீனியா அமெரிக்க அரசின் தேசிய வானிலை மையத்தில் கணிப்பு முறைகளை மேம்படுத்தும் பிரிவுக்குத் தலைவரானார். 1997 வரை பத்து வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருடைய பிரிவில் வேலை செய்தவர்கள் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். எப்படி என்றால், இதுவரை ஒருவர் ரசீதைப் பார்த்து, தன் ஊகத்தையும் சேர்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், அதை நாம் நோட்டில் ஏற்றினோம். இனிமேல் துண்டுச் சீட்டு வேண்டாம், ரசீதையே கொண்டு வா என்றார்கள். நோட்டுக் கணக்கு சரி என்றால் செயற்கைக்கோளுக்கு இவ்வளவு அனல் தெரிய வேண்டும் என்று இவர்களே கணக்குப் போட்டு, அது உண்மையில் அளந்த அனலோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் எங்கே வருகிறதோ அங்கே நோட்டைத் திருத்தினார்கள். 1991-இல் அதற்கேற்ற கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். 1995-இல் அனல் அளவையே நேரடியாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு செயற்கைக்கோள் பூமியின் இரண்டு பாதிக்கும் உதவியது. முன்னால் எல்லாம் தென்பாதியின் கணிப்பு வடபாதிக்கு ரொம்பப் பின்தங்கிக் கிடந்தது. இப்போது ஏறக்குறைய சமமாக வந்துவிட்டது. யூஜீனியா பிறந்த அர்ஜென்டினாவும் அந்தத் தென்பாதியில்தான் இருக்கிறது.

இப்போது "வாய்ப்பு" என்ற சொல்லுக்கு வருகிறோம். எங்களுக்கு அடி வாங்கிக் கொடுத்த சொல் அல்லவா, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறோம்.

எம்.ஐ.டி.யிலேயே எட்வர்ட் லோரன்ஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1961-இல் கம்ப்யூட்டரில் ஒரு வானிலைக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். முதலில் 0.506127 என்று இருந்த எண்ணை, எதுக்கு இத்தனை இலக்கம் என்று 0.506 என்று மட்டும் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், கணக்கு முதலில் ஒன்றாகவே போய், பிறகு கொஞ்சம் விலகி, கடைசியில் சம்பந்தமே இல்லாத வானிலையைக் காட்டிக்கொண்டு நின்றது. ரூபாய்க்கு ஒரு பைசா அளவு கூட இல்லாத வித்தியாசம், அது வளர்ந்து வளர்ந்து எல்லாவற்றையும் புரட்டிவிட்டது. அதில் இருந்து தெரிந்தது என்ன? எத்தனை நல்ல கருவி இருந்தாலும் ஆரம்ப இருப்பில் கொஞ்சம் பிசகு இருக்கத்தான் செய்யும். அந்தப் பிசகு வளரத்தான் செய்யும். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு மேல் இன்ன தேதி இன்ன இடத்தில் மழை என்று சொல்வது முடியாத காரியம்.

சரி, பிசகு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை மறைப்பதா, சொல்வதா? சொல்வது என்று முடிவு செய்தவர்களில் யூஜீனியா ஒருவர். ஒரே ஒரு கணிப்புப் போட்டு இதுதான் நடக்கும் என்று சொல்லாமல், ஆரம்ப இருப்பைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று மாற்றி மாற்றிப் பல கணிப்புப் போடுவது. இருபது கணிப்பில் பதினாலு மழை காட்டினால் நூற்றுக்கு 70 வாய்ப்பு. மூன்றுதான் காட்டினால் நூற்றுக்கு 15. எல்லாம் ஒரே பக்கம் போனால் தைரியமாகச் சொல்லலாம். ஆளுக்கு ஒரு பக்கம் போனால், இன்றைக்குக் கணிப்பில் உறுதி குறைவு என்று அதையும் சொல்லலாம். 1992 டிசம்பரில் அவருடைய மையம் இதைத் தினசரி வேலையாகவே ஆரம்பித்தது. அதே மாதம் ஐரோப்பாவில் இருக்கும் பெரிய வானிலை மையமும் ஆரம்பித்தது.

எந்தப் பக்கம் மாற்றிப் பார்ப்பது என்பதற்கு யூஜீனியாவும் அவரோடு வேலை செய்த சோல்டான் டோத் என்பவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விவசாயம் செய்கிற நமக்கு அது நன்றாகவே பிடிபடும். கணிப்பில் கொஞ்சம் பிசகை விதை மாதிரித் தூவுவார்கள். சில மணி நேரம் ஓடவிட்டு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வளர்ந்ததைப் பழையபடி சின்னதாகக் குறைத்து மறுபடி தூவுவார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் தாமாக அடங்கும் பிசகு எல்லாம் ஒழிந்து, வேகமாக வளரும் பிசகு மட்டும் மிஞ்சும். களையில் எது காட்டை மூடும் களை என்று கண்டுபிடிக்கிற மாதிரி. அதற்கு அவர்கள் வைத்த பெயரே "வளர்த்தெடுத்தல்" என்ற அர்த்தம் வருகிற பெயர்தான்.

நம் நாட்டுக்கு இந்த முறை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. 2018 ஜூன் 1-ஆம் தேதி, 12 கிலோமீட்டருக்கு ஒரு கட்டமாக உலகத்தைப் பிரித்து, ஒரே நேரத்தில் 21 கணிப்புப் போடும் முறையை மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் தொடங்கியது. அந்தக் கணிப்பு முறை, யூஜீனியா வேலை பார்த்த அந்த அமெரிக்க மையத்தின் வழியில் வந்ததுதான். புயல் வரும்போது டி.வி.யில் புயலின் பாதையை ஒரு கோடாக மட்டும் காட்டாமல், போகப் போக விரியும் கூம்பு மாதிரிக் காட்டுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். அந்த விரிவுதான் பிசகின் அளவு. நாள் தள்ளித் தள்ளி அது பெரிதாகிறது.

12 கிலோமீட்டர் கட்டம் என்றால் என்ன? நம் ஊரும் பக்கத்து ஊரும் அதற்கடுத்த ஊரும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். கோடை இடிமழை ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊரில் தூறாமல் போவது நமக்குத் தெரியாததா? ஒரே ஊரில் மேலத்தெரு நனைந்து கீழத்தெரு காய்ந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறோம். அத்தனை நுணுக்கமாக முன்கூட்டிச் சொல்ல இன்னும் முடியவில்லை. அதனால்தான் அறிக்கையில் இடத்துக்கு என்று தனியாகச் சொல் வைத்திருக்கிறார்கள். "ஓரிரு இடங்களில்" என்றால், அந்தப் பகுதியில் மழை அளக்கும் நிலையம் 100 இருந்தால் அதில் 25-க்கு மேல் மழை இருக்காது என்று அர்த்தம். "வாய்ப்பு" என்பது நடக்குமா நடக்காதா என்பதற்கு. "ஓரிரு இடங்களில்" என்பது எத்தனை இடத்தில் என்பதற்கு. இரண்டும் வேறு வேறு. நாங்கள் இரண்டையும் விழுங்கிவிட்டு, "மழை வருது" என்று சொன்னோம். எங்கோ ஓரிரண்டு ஊரில் பெய்யலாம் என்று வந்ததை, பதினோரு பேர் களத்தில் பெய்தே தீரும் என்று ஆக்கிவிட்டோம்.

யூஜீனியா செய்த இன்னொரு வேலையையும் சொல்லியே ஆக வேண்டும். எங்களில் ஒருவர் எட்டு வருஷம் கணக்காளராக இருந்தவர், அவருக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ஒரு குழுவில் முதல் ஐந்து வருஷம் ஒரு கணக்காளர், பிறகு வேறொருவர், பிறகு கம்ப்யூட்டர் என்று வந்தால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். அபராதத்தை ஒருவர் வட்டியில் சேர்ப்பார், ஒருவர் தனியாக எழுதுவார். இருபது வருஷ நோட்டைப் பார்த்துவிட்டு, வட்டி வரவு கூடியிருக்கிறது என்று சொன்னால், உண்மையிலேயே கூடியதா, எழுதுகிற முறை மாறியதா என்று யாருக்கும் தெரியாது. வானிலையிலும் அதுதான் நடந்தது. கணிப்பு முறையை நல்லதாக மாற்ற மாற்ற, பழைய பதிவுக்கும் புதிய பதிவுக்கும் ஒப்பீடே இல்லாமல் போனது. பூமி உண்மையிலேயே சூடாகிறதா, நம் கணக்குத்தான் மாறிவிட்டதா?

என்ன செய்தார்கள் தெரியுமா? நாற்பது வருஷத்துப் பழைய அளவைகளை எல்லாம் தேடி எடுத்தார்கள். எத்தனையோ நாட்டு பலூன் அளவைகள், கப்பல் நோட்டுகள், விமானப் பதிவுகள், செயற்கைக்கோள் பதிவுகள். எல்லாவற்றையும் சேர்த்து, 1957-இல் இருந்து 1996 வரை ஒரே முறையில், முதல் நாளில் இருந்து திரும்பக் கணக்கு எழுதினார்கள்! பிறகு அதை 1948 வரைக்கும் பின்னால் கொண்டுபோனார்கள். 1996-இல் யூஜீனியாவும் கூட வேலை செய்தவர்களும் இதைப் பற்றி எழுதிய கட்டுரையோடு ஒரு சி.டி.யையும் சேர்த்து இலவசமாகவே கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். பூமியைப் பற்றிய அறிவியலில் மற்றவர்கள் மிக அதிகமாக எடுத்துக்காட்டும் கட்டுரைகளில் ஒன்று அது. மழைக்காலம் மாறுகிறதா, வெப்பம் கூடுகிறதா என்று ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்க அந்தத் திரும்ப எழுதிய நோட்டைத்தான் புரட்டினார்கள். 2003-இல் அவரே அதைப் பயன்படுத்தி, நகரம் பெருகுவதும் நிலத்தை வேறு வேலைக்கு மாற்றுவதும் தரைக்கு அருகே வெப்பத்தை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்து எழுதினார்.

1999-இல் இருந்து மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பல நாட்டுப் பிள்ளைகள் அவரிடம் படித்து வெளியே போய் வானிலை வேலையில் இருக்கிறார்கள். 2009-இல் உலக வானிலை அமைப்பின் பெரிய பரிசு அவருக்குக் கிடைத்தது. 2024 ஆகஸ்ட் மாதம், 81 வயதில் காலமானார். நம் ஊரில் அன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்கே அப்போது அவர் பெயர் தெரியாது.

கதை முடிந்தது. இனி நம் வேலைக்கு வருவோம்.

மிளகாய் நஷ்டப்பட்ட அந்தக் குழுவுக்கு நாங்கள் மூவரும் நேரில் போய், நாங்கள்தான் சொல்லைத் தின்றுவிட்டோம் என்று சொன்னோம். கோபப்பட்டார்கள், பிறகு டீ கொடுத்தார்கள். அந்தக் குழுவில் மூத்த அக்கா ஒருவர் கேட்ட கேள்வியை அப்படியே சொல்கிறோம். "மழை வருமா வராதான்னு நீங்க சொல்ல வேண்டாம்த்தா. நூத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க. கொறச்சலா இருந்தா தார்ப்பாய விரிச்சுக்கிறோம், கூடுதலா இருந்தா அள்ளிக்கிறோம். அன்னைக்குத் தார்ப்பாய் இருந்திருந்தா யாவாரிகிட்ட ஏன் போறோம்?"

இதைத்தான் நாங்களும் யோசிக்காமல் போனோம். தார்ப்பாய் போட்டு மூடி, மழை வராமல் போனால் நஷ்டம் என்ன? ஒரு ராத்திரி உழைப்பு. பாதி காய்ந்த வத்தலை விற்றுவிட்டு மழை வராமல் போனால் நஷ்டம் ஒரு தவணை. இரண்டு நஷ்டமும் ஒன்றா? வாய்ப்பு குறைச்சலாக இருக்கும்போது செலவு குறைச்சலான வேலையைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் கையில் தார்ப்பாய் இல்லாதவளிடம் அந்தக் கணக்கைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆகையால் இன்றைய தீர்மான நோட்டில் ஆறாவது பொருளாக ஒன்றை வைத்திருக்கிறோம். கூட்டமைப்பு நிதியில் இருந்து தார்ப்பாய் வாங்கி, குறைந்த வாடகைக்குக் குழுக்களுக்குக் கொடுப்பது. எத்தனை வாங்குவது, வாடகை எவ்வளவு, கிழிந்தால் யார் பொறுப்பு என்பதைப் பொதுக்குழு பேசி முடிவு செய்யட்டும். கிழிந்தால் யார் பொறுப்பு என்பதில் சண்டை வரும் என்று எங்களுக்குத் தெரியும். இங்கேயே போட்டுவிடுவோம், களத்தில் போட வேண்டாம்.

இரண்டாவது, இனிமேல் வானிலை அறிக்கையை நாங்கள் சுருக்க மாட்டோம். வந்தது வந்தபடி, எல்லாச் சொல்லோடும் கூட்டமைப்பு அலுவலகப் பலகையில் எழுதுகிறோம், போனிலும் அப்படியே படிக்கிறோம். நீளமாக இருக்கிறது என்று பாதியில் போனை வைக்காதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை வந்ததை இப்போதே படித்துவிடுகிறோம், நோட்டு இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். "அடுத்த 2 நாட்களுக்கு வறண்ட வானிலை நிலவும். மூன்றாவது நாள் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்ய வாய்ப்புள்ளது." ஓரிரு இடங்களில். வாய்ப்புள்ளது.

ஆறாவது பொருளைத் தலைவி அக்கா இப்போது எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.